பதினைந்து ரவைக்கூடுகள்: நியூ ஜெர்சியின் 2018 சட்டமும் ஒரு சேகரிப்பாளரும்

யார், எங்கே, எப்போது

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் 2018 ஜூன் முதல் டிசம்பர் வரை நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். துப்பாக்கிச் சேகரிப்பாளர் எழுபது வயதைக் கடந்த அமெரிக்கர், ஓய்வுபெற்ற இயந்திரப் பொறியாளர். நான் அவர் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவன். மருந்து ஆலை ஒன்றில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. எண்ணுவதும் பட்டியல் போடுவதும்தான் என் பிழைப்பு என்பதால் என்னைக் கூப்பிட்டார். துப்பாக்கியில் எனக்கு நாட்டம் கிடையாது. பள்ளி நாளில் என்.சி.சி.யில் 303 ரைஃபிளைத் தோளில் சுமந்ததோடு சரி.

ஆங்கிலத்தில் மேகசின் என்று சொல்லப்படும் பாகம்தான் இந்த ஆய்வின் மையம். தோட்டாக்களை அடுக்கித் துப்பாக்கிக்குள் செருகும் கூடு அது. தமிழில் மேகசின் என்று எழுதினால் வார இதழ் நினைவுக்கு வந்துவிடுகிறது. இலங்கைத் தமிழில் ரவைக்கூடு என்று பொருத்தமான சொல் ஒன்று இருக்கிறது. அதையே எடுத்துக்கொள்கிறேன்.

சட்டத்தின் பின்னணி

ரவைக்கூட்டில் எத்தனை தோட்டா அடங்கலாம் என்பதற்கு அமெரிக்கா முழுவதற்குமான வரம்பு இன்று இல்லை. 1994 செப்டம்பர் 13 அன்று வந்த கூட்டாட்சிச் சட்டம் பத்துக்கு மேல் கொள்ளும் புதிய ரவைக்கூடுகளைப் பொதுமக்களுக்குத் தடை செய்தது. பழையவற்றை விட்டுவைத்தது. பத்து ஆண்டுகளில் அது காலாவதியானது. அதன்பின் மாநிலத்துக்கு ஒரு வரம்பு. பென்சில்வேனியாவில் வரம்பே இல்லை. கொலராடோவில் 15. வெர்மான்ட்டில் கைத்துப்பாக்கிக்கு 15, நீளத் துப்பாக்கிக்கு 10. ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் சட்டம் மாறிவிடும்.

நியூ ஜெர்சி 1990இலேயே 15 என்று வரம்பு வைத்திருந்தது. 2018 ஜூன் 13 அன்று ஆளுநர் ஃபில் மர்பி கையெழுத்திட்ட சட்டம் அதை 10 ஆகக் குறைத்தது. ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு 180 நாள் அவகாசம்; டிசம்பர் 10 கடைசி நாள். அதற்குள் மூன்றில் ஒன்றைச் செய்ய வேண்டும்: வைத்திருக்க உரிமை உள்ளவருக்கு மாற்றித் தருவது, பத்துக்கு மேல் ஏற்காதபடி நிரந்தரமாக அடைப்பது அல்லது பயனற்றதாக்குவது, காவல்துறையிடம் ஒப்படைப்பது. மீறினால் நான்காம் நிலைக் குற்றம். 18 மாதம் வரை சிறை, 10,000 டாலர் வரை அபராதம்.

சேகரிப்பும் அவருடைய இரண்டு நம்பிக்கைகளும்

அவரிடம் 23 துப்பாக்கிகள் இருந்தன. பெரும்பாலானவை இரண்டு உலகப் போர்க் காலத்தவை. அவற்றில் பல இந்தச் சட்டத்துக்குள் வரவே வராது. கோல்ட் 1911இல் ஏழு தோட்டா. லூகரிலும் வால்தர் பி38இலும் எட்டு. காரண்ட் ரைஃபிளிலும் எட்டு. நம் ஊர்க் காவலர்கள் பல்லாண்டு சுமந்த 303 லீ-என்ஃபீல்டில் பத்து. எம்1 கார்பைன் என்ற குட்டை ரைஃபிள் மட்டும் அவரிடம் இல்லை. 1990 சட்டம் அதைப் பெயர் சொல்லியே தடைப் பட்டியலில் சேர்த்திருந்தது. இரண்டாம் உலகப் போரைச் சேகரிக்கும் ஒருவரிடம் அது இல்லாதது பெரிய குறை. அவருக்கு அது கடைசிவரை ஆறவில்லை.

தொடக்கத்தில் அவரிடம் இரண்டு நம்பிக்கைகள் இருந்தன. ஒன்று, தன்னிடம் உள்ள கூட்டாட்சி அரசின் பழம்பொருள் சேகரிப்பாளர் உரிமம் தன்னைக் காக்கும் என்பது. ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட துப்பாக்கிகளை மாநிலம் தாண்டி வாங்க அந்த உரிமம் வழி செய்கிறது, அவ்வளவுதான். மாநிலச் சட்டத்தின் முன் அது குடையாக நிற்காது. வழக்கறிஞர் இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டார்.

இரண்டாவது, 1990 முதல் 15 என்ற வரம்பைத் தான் ஒருநாளும் மீறியதில்லை என்பது. அதை அவர் பெருமையாகவே சொல்வார். உரிமத்துக்காக அவர் பராமரித்த பேரேட்டைப் பார்த்தால் யாரும் நம்பிவிடுவார்கள். ஒவ்வொரு துப்பாக்கியும் எந்தத் தேதியில், யாரிடமிருந்து, எந்த வரிசை எண்ணுடன் வந்தது என்று முப்பது ஆண்டுக் கணக்கு அதில் பிசகில்லாமல் இருந்தது. ஆனால் ரவைக்கூடுகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சட்டம் கேட்காததால் அவர் எழுதவில்லை.

எண்ணியபோது கண்டவை

ஜூலையில் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்தோம். பெயரையோ விளம்பரக் கையேட்டையோ பார்த்து எண்ணிக்கை எழுதக் கூடாது, ஒவ்வொன்றிலும் போலித் தோட்டாக்களை நிரப்பிப் பார்த்துத்தான் எழுத வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். ஆலையில் சீட்டை நம்பிப் பெட்டியைத் திறக்காமல் விட்டு ஒருமுறை பட்ட பாடு அப்படி. அவருக்கு முதலில் எரிச்சல். பொறியாளர் அல்லவா, பத்தாவது கூட்டுக்குள் அவரே குறிப்பேட்டை வாங்கிக்கொண்டார்.

மொத்தம் 41 ரவைக்கூடுகள். பத்துக்கு மேல் கொள்பவை 15. அவற்றில் ஏழு பிரௌனிங் ஹை-பவருக்கானவை, ஒவ்வொன்றிலும் 13. ஜான் பிரௌனிங் தொடங்கி, அவர் இறந்தபின் பெல்ஜியத்தில் சேவ் என்ற வடிவமைப்பாளர் முடித்து, 1935இல் வெளிவந்த கைத்துப்பாக்கி அது. போரில் இரண்டு தரப்பும் அதைப் பயன்படுத்தின. நாஜிகள் பெல்ஜியத் தொழிற்சாலையைப் பிடித்து அங்கேயே செய்தார்கள். நேச நாடுகளுக்குக் கனடாவின் டொராண்டோவில் செய்தார்கள். இரண்டும் அவரிடம் இருந்தன. 1970களில் செய்யப்பட்ட மூன்றாவது ஒன்றும் இருந்தது. நம் இஷாப்பூர் ஆலையில் செய்யப்படும் 9 மி.மீ. கைத்துப்பாக்கியும் இதே குடும்பம்தான் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஸ்மித் அண்ட் வெசன் 59க்கு இரண்டு, தலா 14. பெரெட்டா 92க்கு இரண்டு, தலா 15. செக் நாட்டுச் சி.இசட். 75க்கு மூன்று, தலா 15 என்றுதான் அவர் சொன்னார். இரண்டில் 15 நின்றது. மூன்றாவதில் பதினாறாவது தோட்டாவும் எதிர்ப்பில்லாமல் உள்ளே போனது. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே அச்சு. அந்த மாதிரிக்குப் பிற்காலத்தில் 16 கொள்ளும் கூடுகள் வந்துவிட்டன. பென்சில்வேனியக் கண்காட்சி ஒன்றில் பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய உபரிக் கூடு அது. அதாவது 2018 சட்டம் வருவதற்கு முன்பே, நியூ ஜெர்சிக்குள் வந்த நாளிலிருந்தே அது சட்டத்துக்குப் புறம்பாக இருந்திருக்கிறது.

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பிறகு எழுந்து போய் உள் அலமாரியிலிருந்து ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். அதுவரை அதை அவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

உள்ளே முதல் உலகப் போர்க் காலத்து லூகர் உருளைக் கூடு இருந்தது. வட்டமான உடலும் நீண்ட கழுத்தும் கொண்டு நத்தையைப் போல் இருப்பதால் சேகரிப்பாளர்களும் அதை நத்தை என்றே அழைக்கிறார்கள். 32 தோட்டா கொள்ளும். ஜெர்மன் பீரங்கிப் படையின் நீளக் குழல் லூகருக்காகச் செய்யப்பட்டது. அவருடைய மாமனார் 1945இல் ஜெர்மனியிலிருந்து லூகரையும் இந்தக் கூட்டையும் சேர்த்தே கொண்டுவந்தவர். 1996இல் மாமனார் காலமானபின் இரண்டும் மேற்கு வர்ஜீனியாவிலிருந்து இவர் வீட்டுக்கு வந்தன. துப்பாக்கிக்குப் பேரேட்டில் முறையான பதிவு இருந்தது. கூடு தகரப் பெட்டிக்குள் போனது. அதை அவர் ஒரு நினைவுப் பொருளாக மட்டுமே பார்த்துவந்தார். இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒரு தோட்டாகூட அதில் நிரப்பியதில்லை.

சட்டத்தின் சொற்களை வாசித்தது

ஆயுதச் சட்டத்தில் பழகிய வழக்கறிஞர் ஒருவரிடம் பட்டியலைக் கொண்டுபோனோம். நாங்கள் பயந்துகொண்டு போன சிலவற்றை அவர் ஒரு நொடியில் தள்ளிவிட்டார். நாங்கள் கவலைப்படாத ஒன்றில் மணிக்கணக்காக நின்றார்.

முதலில் வின்செஸ்டர் 1873. குழலுக்கு அடியில் ஓடும் நீளக் குழாயில் 15 தோட்டா நிற்கும். ஆனால் நியூ ஜெர்சியின் வரையறை, பகுதித் தானியங்கித் துப்பாக்கிக்குள், அதாவது ஒருமுறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிக்குள், தோட்டாவைச் செலுத்தும் கூட்டை மட்டுமே குறிக்கிறது. வின்செஸ்டரில் ஒவ்வொரு முறையும் கையால் நெம்புகோலை இழுக்க வேண்டும் என்பதால் அது வரையறைக்கு வெளியே. அடுத்தது .22 குழாய் ரைஃபிள். அந்த அளவுத் தோட்டாவை மட்டும் ஏற்கும் இணைந்த குழாய்களுக்குச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. அதுவும் தப்பியது.

பிறகு அவர் நத்தைக்கு வந்தார். 180 நாள் அவகாசம் சட்டப்படி வைத்திருப்பவர்களுக்குத்தான். 15 வரைக்கும் கொள்ளும் 13 கூடுகளும் 1990 சட்டத்தின்படி சரியானவை. அவற்றுக்கு அவகாசம் உண்டு. 16 கொள்ளும் கூட்டுக்கும் 32 கொள்ளும் நத்தைக்கும் அது கிடையாது. டிசம்பர் 10 வரை காத்திருக்கலாம் என்ற பேச்சே அந்த இரண்டுக்கும் பொருந்தாது. அந்த நிமிடமே குற்றம் நடந்துகொண்டிருந்தது.

ஹட்சன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம். நியூயார்க்கின் 2013 சட்டம் ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட பழங்கூடுகளுக்குப் பதிவு செய்யும் நிபந்தனையோடு ஒரு விலக்கு தருகிறது. இவருடைய நத்தைக்கு அது பொருந்தியிருக்குமா என்பது தனி வாதம். கேட்டுப் பார்க்கவாவது ஒரு கதவு இருந்திருக்கும். நியூ ஜெர்சியில் அப்படி ஒரு கதவு இல்லை.

எடுத்த முடிவுகள்

மகன் பென்சில்வேனியாவில் இருக்கிறார். அவர் சொன்ன யோசனை எளிமையானது: ஒரு மணி நேரப் பயணம், இரண்டையும் காரில் வைத்துக் கொண்டுபோய்விடுகிறேன், யாருக்குத் தெரியப் போகிறது? எனக்கும் அப்போது அது நியாயமாகவே பட்டது, மறைக்கவில்லை. வழக்கறிஞர் மறுத்தார். காரில் வைத்தால் குற்றத்தில் மகனும் பங்காளி ஆகிறார். வழியில் ஒரு போக்குவரத்துச் சோதனை போதும். எல்லாவற்றையும் விட, நத்தை என்றாவது ஏலத்துக்குப் போனால் அதன் வரலாற்றை எழுத வேண்டும், அந்த வரலாற்றில் 1996 முதல் 2018 வரை நியூ ஜெர்சி என்று இருக்கும்.

அவர் காட்டிய வழி தன்னார்வ ஒப்படைப்பு. ஒப்படைக்கும் தேதியையும் நேரத்தையும் குறிப்பிட்டு எழுத்து மூலம் முன்னறிவிப்புக் கொடுத்து, விசாரணையோ புகாரோ தொடங்குவதற்கு முன்பே ஒப்படைப்பவரை வைத்திருந்த குற்றத்துக்காகத் தண்டிக்க முடியாது என்று நியூ ஜெர்சிச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. அதிலும் ஒரு முள் இருந்தது. துப்பாக்கி, ஆயுதம், வெடிபொருள் என்று வரிசையாகச் சொல்லும் அந்தப் பிரிவு ரவைக்கூட்டைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. வழக்கறிஞர் கட்சிக்காரர் பெயரைச் சொல்லாமல் அதிகாரிகளிடம் பேசி, பாதுகாப்புப் பொருந்தும் என்று உறுதி பெற்ற பிறகே கடிதத்தை அனுப்பினார். இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு நேராகக் காவல் நிலையத்துக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. சேகரிப்பாளர் முதலில் அதற்குத்தான் கிளம்பினார்.

நத்தையைக் கொடுப்பதா என்ற பேச்சு வீட்டில் இரண்டு வாரம் ஓடியது. சந்தையில் ஆயிரம் டாலருக்கு மேல் போகும் பொருள், போனால் திரும்பாது. முடிவைச் சொன்னவர் மனைவி. அது அவருடைய அப்பாவின் பொருள். அவர் சொல்லுக்கு மேல் பேச்சில்லை. அப்பா எழுதிய கடிதங்கள் வீட்டில் இருக்கின்றன, இந்த வயதில் நீங்கள் நீதிமன்றப் படி ஏற வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

மற்ற 13 கூடுகளைப் பிரிக்கும் அளவுகோல் எளிமையாக அமைந்தது: அடைத்தால் எதை இழப்போம்? போர்க்கால ஹை-பவர்களின் நான்கு கூடுகளும், ஸ்மித் அண்ட் வெசன் 59இன் இரண்டு கூடுகளும் அந்தந்தத் துப்பாக்கியோடு பிறந்தவை. அவற்றில் ஆணி அடித்துப் பசை ஊற்றினால் சேகரிப்பு மதிப்பு போய்விடும். அந்த ஆறும் மகனுக்கு. துப்பாக்கியை மாநிலம் தாண்டி மாற்றித் தர உரிமம் பெற்ற வணிகர் வழியாகப் போக வேண்டும்; கூட்டுக்குக் கூட்டாட்சிச் சட்டத்தில் அந்தத் தேவை இல்லை. ஆகவே துப்பாக்கிகள் அப்பாவிடமே இருக்க, கூடுகளை மட்டும் உரிமை மாற்றப் பத்திரம் எழுதி மகன் பெற்றுக்கொள்ளலாம்.

ஹை-பவரின் பிற்காலக் கூடுகள் மூன்று, சி.இசட். இரண்டு, பெரெட்டா இரண்டு ஆகிய ஏழையும் அடைத்துவிட முடிவு செய்தோம். பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற காவல் அதிகாரி ஒருவர் இருந்தார். அத்தகையவர்களில் ஆயுதம் ஏந்த அனுமதி பெற்றோருக்கு 15 வரை சட்டம் இடம் தருகிறது. அவரிடமே கொடுத்து வைக்கலாம் என்றும் ஒரு பேச்சு வந்தது. அவருடைய அனுமதி புதுப்பிக்கப்படாத அன்று என்ன செய்வது என்ற கேள்விக்குப் பதில் இல்லாததால் விட்டுவிட்டோம்.

துப்பாக்கிச் சங்கங்கள் இந்தச் சட்டத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் சட்டத்துக்குத் தடை வரும், அதுவரை பொறுப்போம் என்பது சேகரிப்பாளரின் ஆசை. அதற்கும் வழக்கறிஞர் இசையவில்லை. அவர் கணிப்புப் பலித்தது. நியூ ஜெர்சியும் அடங்கும் மூன்றாம் வட்டக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் டிசம்பர் 5 அன்று, கடைசி நாளுக்கு ஐந்து நாள் முன்பு, இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தடை விதிக்க மறுத்தது.

நடந்தது

செப்டம்பரில், கடிதத்தில் குறித்த நாளில், வழக்கறிஞருடன் போய் இரண்டு கூடுகளையும் ஒப்படைத்தார். ரசீது கிடைத்தது. நத்தையை அழிக்காமல் அருங்காட்சியகம் ஒன்றுக்குக் கொடுக்க முடியுமா என்று எழுதிக் கேட்டிருந்தோம். பதில் வரவில்லை. அது என்ன ஆனது என்பதும் தெரிவிக்கப்படவில்லை.

அக்டோபரில் துப்பாக்கிப் பழுது பார்ப்பவர் ஒருவர் ஏழு கூடுகளையும் அடைத்துக் கொடுத்தார். உள்ளே கட்டை வைத்து, அடித்தட்டைப் பசையோடு ஆணி அறைந்து மூடும் முறை. வீட்டுக்கு வந்ததும் மறுபடி போலித் தோட்டாக்களை நிரப்பினோம். ஆறில் பத்து நின்றது. ஒரு பெரெட்டாக் கூட்டில் சுருள்வில் சற்று அமுங்கிப் பதினொன்றாவதும் இறங்கிவிட்டது. கூலி வாங்கிக்கொண்டு முடித்துக் கொடுத்த வேலை! திருப்பி அனுப்பிக் கட்டையின் உயரத்தைக் கூட்டி வாங்கினோம்.

நவம்பர் 22, நன்றியறிதல் நாள் விருந்துக்கு வந்த மகன் ஆறு கூடுகளையும் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு போனார். போர்க்கால ஹை-பவர்களுக்குப் புதிய பத்துத் தோட்டாக் கூடுகளை வாங்கினோம். அந்தத் துப்பாக்கி கூடு செருகாவிட்டால் சுடாது என்பதால் இது அலங்காரத்துக்காக மட்டும் அல்ல.

பின்னர்

இப்போதெல்லாம் பென்சில்வேனியாவில் கண்காட்சி நடந்தால் அப்பா துப்பாக்கியோடும் மகன் கூட்டோடும் வந்து அங்கே சேர்த்து வைப்பார்கள். மாலையில் அவரவர் பொருளோடு அவரவர் மாநிலத்துக்குத் திரும்புவார்கள். 2022இல் மகனுக்கு டெலவேரில் வேலை மாறியது. அதே ஆண்டு அந்த மாநிலமும் வரம்பு கொண்டுவந்தது. அங்கே 17 என்பதால் 13க்கும் 14க்கும் சிக்கல் இல்லை. ஆனால் அந்தத் தகவலைத் தேடி உறுதி செய்யும் வரை பெட்டி பழைய வீட்டிலேயே இருந்தது. நியூ ஜெர்சியின் வரம்பை 2024 ஜூலையில் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றமும் ஏற்றது.

மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

பேரேட்டில் ரவைக்கூட்டுக்கு ஒரு பக்கம் 1990இலேயே தொடங்கியிருக்க வேண்டும். இப்போது தொடங்கியிருக்கிறார்: எந்தத் துப்பாக்கியுடையது, கையால் எண்ணிய எண்ணிக்கை, எந்த மாநிலத்தில் எந்த நாள் முதல் இருக்கிறது. வாங்கும் இடத்திலேயே போலித் தோட்டாவால் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்கிறார். கடைக்காரர்கள் சிரிக்கிறார்கள்.

1996இல் சொத்துப் பிரித்தபோது துப்பாக்கியை மட்டும் எடுத்துக்கொண்டு, நத்தையை மேற்கு வர்ஜீனிய உறவினர் ஒருவரிடமே விட்டிருந்தால் அது இன்றும் குடும்பத்தில் இருந்திருக்கும். உயிலில் துப்பாக்கிகளைப் பட்டியலிடுபவர்கள் கூடுகளைத் தகரப் பெட்டியோடு விட்டுவிடுகிறார்கள். பெறுபவர் எந்த மாநிலத்தில் வசிக்கிறார் என்பதைக் கூடு கூடாகப் பார்ப்பதில்லை. வழக்கறிஞரையும் எண்ணிய மறுநாளே பார்த்திருக்க வேண்டும். நாங்கள் மூன்று வாரம் தாமதித்தோம். அந்த மூன்று வாரமும் அந்த இரண்டு கூடுகளும் வீட்டிலேயே இருந்தன.

என் பங்குப் பிழை ஒன்றும் உண்டு. முதல் பட்டியலை மின்னஞ்சலில் மகனுக்கும் அனுப்பிவிட்டேன், 16, 32 என்ற எண்களோடு. வழக்கறிஞர் அதைக் கேட்டு முகம் சுளித்தார். அவரிடம் நேரில் கொடுப்பதற்கு முன் அது வேறு யாரிடமும் போயிருக்கக் கூடாது.

கடந்த ஆண்டு டொராண்டோ ஹை-பவரை டெக்சாஸ்காரர் ஒருவருக்கு விற்றார். துப்பாக்கி நியூ ஜெர்சி வணிகர் வழியாகவும், அதற்குரிய இரண்டு கூடுகள் டெலவேரிலிருந்து மகன் வழியாகவும் தனித்தனியே போய்ச் சேர்ந்தன. புதிய பக்கத்தில் அந்த இரண்டு வரிகளையும் கோடிட்டு அடித்து, பக்கத்தில் தேதியை எழுதினார்.